மானாவாரி மண்ணின் பிள்ளைக்கு மாநகரில் கூரை எங்கே?

மல்லாங்கிணற்றிலிருந்து ஒரு வாலிபன் சென்னைக்குப் புறப்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். வேலை கிடைத்துவிட்டது, மாதம் 18,000 ரூபாய் சம்பளம். வீட்டிலே மகிழ்ச்சி, தெருவிலே மதிப்பு. ஆனால், அடுப்படியிலே மட்டும் ஒரு கவலை. தாயின் கழுத்துச் சங்கிலி அருப்புக்கோட்டை அடகுக் கடைக்குப் போகப்போகிறது. படிப்புக்காகவா? படித்து முடித்தாயிற்று. வேலைக்காகவா? வேலையும் கிடைத்தாயிற்று. வேலை கிடைத்த ஊரிலே மனைவியோடும் கைக்குழந்தையோடும் தலை சாய்க்க ஒரு கூரை வேண்டும். அந்தக் கூரைக்கு ‘அட்வான்ஸ்’ கொடுக்கவேண்டும். அதற்காகத்தான் சங்கிலி அடகுக்குப் போகிறது!

தோழர்களே, இது தனியொருவன் கதையல்ல. காரியாபட்டியிலும் திருச்சுழியிலும் நரிக்குடியிலும், கண்மாய் வறண்ட ஊர் ஒவ்வொன்றிலும், விருதுநகர் சந்திப்பிலே இரவு ரயிலுக்குக் காத்து நிற்கும் ஒவ்வொரு குடும்பத்தின் கதை. ஊர்ப் பெயரிலேயே கிணறு இருக்கிறது. அந்தக் கிணற்றிலே தண்ணீர் இருப்பதும் இல்லாததும் மழையின் தயவு. மழை பொய்த்த மண் தன் பிள்ளைகளை வெளியே அனுப்புகிறது. அவர்களை வரவேற்கும் மாநகரமோ, “உன் உழைப்பு வேண்டும்; நீ வேண்டாம்” என்கிறது. இந்த அநீதியைப் பற்றித்தான் இன்று பேசவேண்டியிருக்கிறது.

உபதேசிகள் சிலர் இங்கே குறுக்கிடுவார்கள். “வரவுக்கேற்ற இடத்தைத் தேர்ந்தெடுத்துக் குடியேறினால் கஷ்டமே இல்லையே! சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடகை கொடுக்காதே. வேலைக்கு அருகே இடம் பார். வெள்ளம் வராத தெருவாகப் பார். நல்ல தண்ணீர் இருக்கிறதா என்று விசாரி. அவசரப்படாதே; ஆராய்ந்து தேர்ந்தெடு” என்பார்கள். அருமையான உபதேசம்! பசித்தவனிடம் சாப்பாட்டு விலைப்பட்டியலை நீட்டி, “உடம்புக்கு எது நல்லதோ அதைத் தேர்ந்தெடுத்துச் சாப்பிடு” என்று சொல்வதைப் போன்ற உபதேசம்! தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நகரத்தின் ஓரத்தில், ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும் உள்ள வீட்டுக்கு 9,000 ரூபாய் வாடகை என்று கொள்வோம். சென்னை வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் 90,000 ரூபாய். முதல் மாத வாடகை 9,000. தரகருக்கு ஒரு மாத வாடகை 9,000. ஆகமொத்தம் 1,08,000 ரூபாய். அந்த வாலிபனின் ஆறு மாதச் சம்பளம் முழுவதும் இது! முதல் நாள் வேலைக்குப் போகுமுன்பே அரை ஆண்டு உழைப்பை அவன் கொண்டுபோய்க் கொட்டவேண்டும்.

90,000 ரூபாயை எங்கிருந்து கொண்டுவருவான்? நகையை வைத்து, நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்குகிறான் என்றால், மாத வட்டி 1,800. ஆகவே, வாடகை 9,000 என்பது பொய். மெய்யான வாடகை 10,800. மிஞ்சுவது 7,200. அதிலேதான் அரிசியும் பாலும் பஸ் கட்டணமும் குழந்தைக்கு மருந்தும். அதிலேதான் ஊரிலிருக்கும் தாய்க்கும் ஏதாவது அனுப்பவேண்டும்! மூன்றில் ஒரு பங்கைப் பற்றிப் பேசும் உபதேசிகளே, பாதிக்கும் மேலே போய்விட்டதே, இதற்கு என்ன பதில்?

இவன் கொடுத்த 90,000 என்ன ஆகிறது? வீட்டுக்காரரிடம் வட்டியில்லாத மூலதனமாக இருக்கிறது. இருபது குடித்தனம் உள்ள ஒரு கட்டிடத்திலே 18 லட்சம் ரூபாய் இப்படித் திரளுகிறது. குடியிருப்பவன் அடகுக் கடைக்கு வட்டி கட்டுகிறான். கட்டிட உடைமையாளன் அந்தப் பணத்தைக் கொண்டே அடுத்த மாடி எழுப்புகிறான். காலி செய்யும்போது, “வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்கிறேன்” என்று அதிலும் ஒரு கை!

மின்சாரத்திலும் இதே கொள்ளைதான். 2016 முதல் தமிழகத்தில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் இலவசம். ஆனால், உள்மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று தாமே ஒரு விலை நிர்ணயித்து வசூலிக்கும் வீடுகளிலே அந்தச் சலுகை குடியிருப்பவனின் விளக்கை எட்டுவதில்லை. சர்க்கார் ஏழைக்குக் கொடுத்தது, இடையிலேயே நின்றுவிடுகிறது.

“சட்டம் இல்லையா?” என்று கேட்கலாம். இருக்கிறது. இருந்த சட்டத்தையும் இருக்கிற சட்டத்தையும் ஒப்பிட்டால், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது விளங்கும்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் நகரங்களிலே வீட்டுப் பஞ்சம் ஏற்பட்டது. சென்னை ராஜதானியிலே வாடகைக் கட்டுப்பாடு வந்தது. 1946இல் ஒரு சட்டம், 1949இல் ஒரு சட்டம், பிறகு 1960இல் விரிவான சட்டம். அந்த 1960ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு காரியங்களைச் செய்தது. நியாய வாடகை என்ற ஒன்றை நிர்ணயிக்கும்படி அதிகாரியிடம் கேட்கும் உரிமையைக் குடியிருப்பவனுக்குக் கொடுத்தது. அட்வான்ஸ் என்ற பெயரில் ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கலாகாது என்றும் விதித்தது. ஆம், தோழர்களே! ஒரே ஒரு மாதம்! பத்து மாதம் வாங்கிய வழக்கம் சட்டத்தைக் காலில் போட்டு மிதித்த வழக்கம்தான். எனினும், துணிந்து வழக்காடியவனுக்கு, அதிகப்படியாக வாங்கிய தொகையை வாடகையிலே கழித்துக்கொள்ள வழியிருந்தது.

பிறகு, 2017ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டம் போயிற்று. நியாய வாடகை போயிற்று. வாடகை என்பது இருவரும் ஒப்புக்கொண்ட தொகை என்றாயிற்று. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படக்கூடாது என்று எழுதினார்கள். ஆனால், வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தால் அதற்கு விலக்கு என்று அதன் பக்கத்திலேயே ஒரு வாசலையும் திறந்துவைத்தார்கள்! அடகுச் சீட்டைச் சட்டைப்பையிலே வைத்துக்கொண்டு, கைக்குழந்தையோடு வாசலிலே நிற்பவனுக்கும், சாவியைக் கையிலே வைத்துக்கொண்டு திண்ணையிலே உட்கார்ந்திருப்பவருக்கும் நடப்பது ‘ஒப்பந்தமாம்’! ஆட்டுக்கும் ஓநாய்க்கும் ஒப்பந்தம் எழுதினால் அதிலே ஆட்டின் கையெழுத்தும் இருக்கத்தான் செய்யும்.

சரி, பணத்தைப் புரட்டியாயிற்று. எந்தத் திசையிலே இடம் பார்ப்பது?

வடக்கே போனால் வாடகை குறைவு. ஏன் குறைவு? எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு சேர்ந்து எண்ணூர்க் கழிமுகத்திலே எண்ணெய் பரவியது. அதே மாதக் கடைசியிலே அமோனியா வாயு கசிந்து, மக்கள் நள்ளிரவிலே மூச்சுத் திணறி வீதிக்கு ஓடிவந்தார்கள். மலிவு வாடகை என்பது நுரையீரலிலே வசூலிக்கப்படும் வாடகை.

தெற்கே போனால், 2000ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட டைடல் பூங்காவிலிருந்து நீளும் பழைய மாமல்லபுரம் சாலை. வேலை அங்கேதான் இருக்கிறது. ஆனால், கண்ணாடி மாளிகைகளுக்கு அருகே குடியிருக்க, அந்த மாளிகையைக் கூட்டிப் பெருக்குகிறவனுக்கும் காவல் காக்கிறவனுக்கும் கட்டுபடியாகாது. சற்று உள்ளே தள்ளிப் போனால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் விளிம்பு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளம் புகுந்த பகுதிகள். அந்தச் சதுப்பு நிலத்துக்கு 2022இல் ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்தது. அதன் ஓரத்திலே குடியேறிய ஏழைக்குத்தான் இடம் கிடைத்தபாடில்லை.

மேற்கே போனால் தூரம். ‘சென்னைக்கு மிக அருகில்’ என்று விளம்பரம் செய்கிறார்களே, அந்தத் தூரம்! தென்மாவட்டப் பேருந்துகள் வந்து நிற்கும் நிலையமே 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கத்துக்குப் போய்விட்டது. ஊரிலிருந்து வருகிறவன் இறங்குமிடத்திலிருந்தே நகரத்துக்கு இன்னொரு பயணம். கிழக்கே போகலாம் என்றால், அங்கே கடல்!

வடக்கே சாம்பல், தெற்கே வெள்ளம், மேற்கே தூரம், கிழக்கே கடல். “ஆராய்ந்து தேர்ந்தெடு” என்பவர்கள் இந்த நான்கிலே எதைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள்?

இன்னொரு வாசலும் இருக்கிறது; அங்கே பணத்தைக் கேட்பதற்கு முன் சாதியைக் கேட்கிறார்கள். ‘சைவம் மட்டும்’ என்று பலகை தொங்குகிறது. அது சாப்பாட்டைப் பற்றிய பலகை அல்ல. சேரியிலே பிறந்தவனையும் மசூதிக்குப் போகிறவனையும் வாசலிலேயே திருப்பியனுப்பும் பலகை. எந்த ஊர், எந்தத் தெரு, குலதெய்வம் எது என்று சுற்றி வளைத்துக் கேட்டுவிட்டு, “வீடு நேற்றே பேசி முடிந்துவிட்டது” என்று கதவைச் சாத்துகிறார்கள். 90,000 ரூபாயைக் கையிலே வைத்திருந்தாலும் கதவு திறக்காது. கிராமத்திலே ஊருக்கும் சேரிக்கும் நடுவிலே கோடு கண்ணுக்குத் தெரிகிறது. நகரத்திலே அது வாடகைப் பேச்சுக்குள் ஒளிந்திருக்கிறது.

வருகிறவன் பாடு இதுவென்றால், இரண்டு மூன்று தலைமுறைகளாக இங்கேயே இருந்து நகரத்தைக் கட்டியவன் பாடு என்ன? 1970இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தபோது, குடிசை இருந்த இடத்திலேயே, அல்லது அதற்கு அருகிலேயே அடுக்கு வீடு கட்டிக் கொடுப்பதே வழியாக இருந்தது. அந்தக் காலத்து மூன்று மாடிக் கட்டிடங்களைக் கடற்கரை ஓரத்திலும் நகரின் நடுவிலும் கண்டோம். பிறகு நிலத்தின் விலை ஏறியது. ஏழையின் விலை இறங்கியது. 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகர். அங்கே 15,000க்கு மேற்பட்ட வீடுகள். அடுத்துச் செம்மஞ்சேரி; 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, கடலை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் பல கடலை விட்டு அங்கே அனுப்பப்பட்டன. அடுத்துப் பெரும்பாக்கம், 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரை மக்கள் அங்கே கொண்டுபோய்க் கொட்டப்பட்டார்கள். வீடு கிடைத்தது, வேலை போயிற்று. பிள்ளைகளின் பள்ளி போயிற்று. வீட்டுவேலைக்குப் போன பெண்கள் பஸ்ஸிலேயே கூலியில் ஒரு பகுதியைக் கரைத்தார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி அனுப்பிய இடமும் சதுப்பு நிலத்தின் பக்கம்! 2021இல் வாரியத்தின் பெயரை ‘நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ என்று மாற்றினார்கள். பெயர் மாறியது வரவேற்கத்தக்கது. போக்கு மாறவேண்டாமா?

குடியிருப்புப் பிரச்சினையைப் பற்றி எங்கெல்ஸ் 1872இல் எழுதத் தொடங்கிய கட்டுரைகளிலே இதைத்தான் விளக்கினார். முதலாளித்துவ நகரம் சேரியை ஒழிப்பதில்லை, வேறிடத்துக்கு நகர்த்துகிறது என்பது அவருடைய முடிவு. நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகும், அவருடைய ஆராய்ச்சிக்குச் சென்னை சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது.

“எல்லோருக்கும் வீடு கட்டிக் கொடுக்கச் சர்க்காரால் முடியுமா?” என்று ஒரு கேள்வி. முடியும் என்பதற்கு நம் வாசலிலேயே சான்று இருக்கிறது. 2021 டிசம்பரில், மின்னணு ஆலையிலே வேலை செய்த பெண்கள், பூந்தமல்லி அருகே தாங்கள் தங்கியிருந்த விடுதியிலே உணவு நஞ்சாகிப் பலர் மருத்துவமனைக்குப் போனதைக் கண்டு கொதித்தெழுந்து, சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையிலே மறியல் செய்தார்கள். நாடெங்கும் அது பேசப்பட்டது. 2024 ஆகஸ்டில், வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் குடியிருப்பு, 706.50 கோடி ரூபாய்ச் செலவிலே திறக்கப்பட்டது. நல்லதே! வேலைக்கு அருகே, ஆயிரக்கணக்கானவர்களுக்கு, பொதுத்துறை ஸ்தாபனம் இடம் கட்டித் தர முடியும் என்று நிரூபணமாயிற்று. ஆனால், வேலை போனால் படுக்கையும் போய்விடும் ஏற்பாடு அது. கல்யாணமான குடும்பத்துக்கு அங்கே இடமில்லை. அந்நிய மூலதனம் கேட்டால் கட்ட முடிகிறது. அருப்புக்கோட்டைத் தாயின் சங்கிலி கேட்டால் மட்டும் கஜானா காலியாகிவிடுகிறதா?

வெளியுலகத்தையும் பாருங்கள். முதல் உலக யுத்தத்திலே தோற்று, பஞ்சத்தில் கிடந்த வியன்னா நகரிலே சோஷலிஸ்டுகள் நகராட்சியைப் பிடித்தார்கள். 1923இல் வீட்டு வரி ஒன்றை விதித்தார்கள். மாளிகைக்கு அதிகம், தொழிலாளி வீட்டுக்கு அற்பம். அந்தப் பணத்தைக் கொண்டு 1934க்குள் 60,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டி, குறைந்த வாடகைக்குக் கொடுத்தார்கள். 1930இல் திறக்கப்பட்ட பெரும் குடியிருப்புக்குக் கார்ல் மார்க்ஸ் பெயரையே வைத்தார்கள். 1934 பிப்ரவரியில் பாசிச வெறியர்கள் அதன்மீது பீரங்கியால் சுட்டார்கள். சுட்டவர்கள் போய்விட்டார்கள்; கட்டிடம் நிற்கிறது; அதிலே இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். கடலோர நகரமான சிங்கப்பூரின் ஆட்சி நம் கொள்கையை ஏற்றதல்ல. அங்கேகூட 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைந்தது. நிலத்தைச் சர்க்கார் கையகப்படுத்திக் கட்டியதால், அந்நாட்டு மக்களில் ஏறத்தாழ எண்பது சதவீதம் பேர் அந்த வீடுகளிலே வாழ்கிறார்கள். ஆனால், அந்த வீடுகளைக் கட்டப் போன நம் தமிழ்த் தொழிலாளிக்கு அங்கேயும் கூட்டுவிடுதிதான் என்பதை மறக்கவேண்டாம். ஆக, முடியுமா முடியாதா என்பதல்ல பிரச்சினை. யாருக்காக என்பதே பிரச்சினை.

இங்கே ஓர் ஆட்சேபத்துக்கு நேர்மையாகப் பதில் சொல்லவேண்டும். “வீட்டுக்காரர் எல்லாரும் முதலாளிகளா? கணவனை இழந்த ஒரு தாய், மாடிப்பகுதியை வாடகைக்கு விட்டு வயிறு வளர்க்கிறாளே, அவள் உங்கள் எதிரியா?” என்று கேட்கிறார்கள். இல்லை, ஒருபோதும் இல்லை. ஓய்வூதியம் இல்லாத நாட்டிலே அந்த மாடிதான் அவளுக்கு ஓய்வூதியம். அவளுக்கு மாதந்தோறும் வாடகை ஒழுங்காகக் கிடைக்கவேண்டும். சேதத்துக்கு ஈடாக மூன்று மாத முன்பணமும் இருக்கட்டும். நாம் எதிர்ப்பது நிலத்தை வாங்கிப் பூட்டிவைத்து விலையேற்றும் சூதாட்டத்தை. கட்டிய வீடுகளைக் காலியாகப் போட்டுவைக்கும் பதுக்கலை. ஏழைத் தாயின் பெயரைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு அதன் பின்னே ஒளிந்துகொள்ளும் பெருங்கட்டிட முதலாளியை. பொது வாடகை வீடுகள் பெருகினால் அந்தத் தாய்க்கு ஒன்றும் குறைந்துவிடாது. கொள்ளை லாபக்காரனுக்குத்தான் குறையும்.

மற்றோர் ஆட்சேபம் இன்னும் குரூரமானது: “இவர்கள் ஏன் ஊரைவிட்டு வருகிறார்கள்?” அப்பா, என்ன கேள்வி! கம்பும் சோளமும் பருத்தியும் மிளகாயும் விளைந்த கரிசல் இது. குண்டாற்றிலே நீர் வருவது அபூர்வம். கண்மாய்களிலே மண் மேடிட்டுவிட்டது. வயல்களைச் சீமைக் கருவேலம் விழுங்கிவிட்டது. உழவன் கரிமூட்டம் போட்டு வயிறு கழுவுகிறான். விருதுநகரையும் இராமநாதபுரத்தையும் பின்தங்கிய நிலையிலிருந்து முன்னேற வேண்டிய மாவட்டங்கள் என்று மத்திய சர்க்காரே 2018இல் பட்டியலிட்டது. பட்டியலிலே ஊர் ஏறியது; ரயிலிலே பிள்ளை ஏறினான். இதிலே யார் குற்றவாளி?

நம் சீமையிலிருந்து நகரங்களுக்குப் போவது புதிதல்ல. விருதுநகர், அருப்புக்கோட்டை வியாபாரிகள் தலைமுறைகளாகப் போனார்கள். காசுள்ளவருக்கு உறவின்முறை இருந்தது, தங்க இடம் கிடைத்தது. அவர்களோடு போன கடைப் பையனுக்குக் கடையே வீடு. சரக்கு மூட்டையே தலையணை. பிரம்மச்சாரிக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷனிலே ஒரு கட்டில். இன்றும் பெரிய கடைகளிலே வேலை செய்யும் தென்மாவட்டப் பிள்ளைகள் கூட்டாக அடைபட்டுத்தான் தூங்குகிறார்கள். நாள் முழுவதும் நின்று வேலை செய்யும் அந்தக் கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி தரவேண்டும் என்று 2021இல்தான் தமிழகம் சட்டம் செய்தது. உட்கார நாற்காலி கிடைக்கவே இத்தனை காலம் என்றால், படுக்க இடம் எப்போது? போராடினால் அன்றி, எப்போதுமில்லை!

ஆகவே, நாம் கேட்பவை இவை. முன்பணம் மூன்று மாதத்துக்கு மேல் கூடாது. ஒப்பந்தம் என்ற பெயரிலே விதிவிலக்கு எதுவும் கூடாது. மின்சாரத்துக்கு வாரியக் கட்டணத்துக்கு மேல் ஒரு காசு வாங்குவதும் குற்றமாகவேண்டும். சாதியையும் மதத்தையும் கேட்டு வீடு மறுப்பது தண்டனைக்குரிய குற்றமாகவேண்டும். தொழிற்பேட்டைக்கும் தொழில்நுட்பப் பூங்காவுக்கும் நிலம் கொடுக்கும்போதே, அதன் ஒரு பகுதியிலே குடும்பத்தோடு வாழத்தக்க பொது வாடகை வீடுகள் எழவேண்டும். நகரத்து ஏழைகளை முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் துரத்தாமல், வாழ்ந்த இடத்திலேயே வீடு தரவேண்டும். விருதுநகர் மாவட்டத்திலே இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் ஜவுளிப் பூங்கா என்று 2023இல் ஒப்பந்தம் போட்டார்களே, அங்கே தறி ஓடும் நாளிலேயே தொழிலாளிக்குக் கூரையும் தயாராக இருக்கவேண்டும். கரிசல் மண்ணிலும் ஒரு கண்ணகி நகர் முளைக்க விடமாட்டோம்!

கோரிக்கை எழுதினால் போதாது, தோழர்களே. மல்லாங்கிணற்றுக் கிளைத் தோழர்கள், தம் ஊரிலிருந்து சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் போனவர்கள் யார், எங்கே, எத்தனை ரூபாய் வாடகையிலே, எத்தனை மாத அட்வான்ஸிலே இருக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதவேண்டும். சென்னைத் தோழர்கள் அந்த முகவரிகளைத் தேடிப் போய்க் கதவைத் தட்டவேண்டும். தெருத்தெருவாக வாடகைதாரர் சங்கம் கட்டவேண்டும். எழுத்திலே ஒப்பந்தம், கொடுத்த பணத்துக்கு ரசீது, காலி செய்யும்போது முன்பணம் முழுவதும் திரும்ப என்ற மூன்றையும் ஒருவன் தனியாகக் கேட்டால் சாமான் வீதிக்கு வரும். தெருவே கேட்டால் பதில் வரும்.

இந்தக் கிழமையும் விருதுநகர் சந்திப்பிலே ரயில் வரும். யாரோ ஒரு வாலிபன் ஏறுவான். யாரோ ஒரு தாயின் கழுத்து வெறுமையாக இருக்கும். அந்தச் சங்கிலியை மீட்கும் வரை நமக்கு ஓய்வில்லை!